ஊசி போடாத எலி

மதுரைக்காரர்கள் கொடைக்கானலுக்குப் போவது சூரியனிடமிருந்து தப்பிக்க. என் வீட்டுக்காரர் என்னைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனது சூரியனைக் காட்ட. கல்யாணமாகி வந்த முதல் மே மாதம் அது. ஏரி, படகு, புது ஸ்வெட்டர் என்று நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டு போனேன். இவர் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே என்னை மேட்டில் மூச்சிரைக்க ஏற்றி, ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் இருட்டறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். வெள்ளைத் தாளில் விழுந்த ஒரு மஞ்சள் வட்டத்தைக் காட்டி, “செல்வி, அந்தக் கறுப்புப் புள்ளி இருக்குல்ல, அதுக்குள்ள நம்ம பூமி முழுசா அடங்கிரும்” என்றார்.

“இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்? நம்ம மொட்ட மாடியில வத்தல் காயப்போடையில தினமும் இந்தச் சூரியனத்தான பாக்குறேன்” என்றேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அடுத்த இருபது வருஷமும் அவர் பின்னாலேயே போனேன்.

அவர் பெயர் மலையாண்டி. என் தாய்மாமன் மகன். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். இயற்பியல் படிக்க ஆசைப்பட்டவரை, கிடைத்த வேலையை விடாதே என்று மின்வாரியத்தில் சேர்த்துவிட்டார்கள். சேர்ந்தார். ஆனால் ஆசை போகவில்லை. மே மாதம் வந்தால் லீவு போட்டுவிட்டு, எந்த ஊரில் எந்த ஆராய்ச்சிக்கூடம் பொதுமக்களை உள்ளே விடுகிறது என்று விசாரித்து, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிடுவார். கல்பாக்கம் போனோம். ஜவ்வாது மலையில் தொலைநோக்கி பார்த்தோம். கடைசியில் ஊட்டிக்கும் கூட்டிப்போனார். பூங்காவுக்கு அல்ல, மலைச்சரிவில் அரைக் கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிற ரேடியோ தொலைநோக்கிக்கு. கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்டுவிட்டு ஆட்கள் சாப்பிடப் போய்விட்டது போலிருந்தது எனக்கு. இவர் அதைப் பார்த்துக் கண்கலங்கி நின்றார். சொந்தக்காரர்கள் இவரை “விஞ்ஞானி” என்றுதான் கூப்பிடுவார்கள். “என்ன விஞ்ஞானி, இந்த வருசம் நிலாவுக்கா?” என்று கேட்டால், “டிக்கெட்டு கெடைக்கல மாப்ள” என்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பயணம் முடிந்து வீடு வந்து சேர்வதற்குள், திரும்பும் வழியிலேயே அடுத்த மே மாதம் எங்கே என்று அறிவித்துவிடுவார். அறிவிக்காமல் வாசல்படி ஏறியதில்லை.

எங்களுக்கு ஒரே பிள்ளை, தமிழ்வாணி. அப்பனை உரித்து வைத்துப் பிறந்தது. மற்ற பிள்ளைகள் பொம்மைக்கு அழும்போது இது பூதக்கண்ணாடிக்கு அழுதது. எட்டு வயதில் நடக்கும்போது காரணமில்லாமல் விழ ஆரம்பித்தாள். தரை வழுக்குகிறது, செருப்பு சரியில்லை, கவனமில்லை என்று திட்டினேன். பிறகு படியேற முடியவில்லை. தசைச் சிதைவு நோய் என்றார் டாக்டர். காலில் தொடங்கி, கைக்கு வந்து, கடைசியில் மூச்சுக்கு வரும், மருந்து கிடையாது. இதையெல்லாம் சொல்வதற்கு முன்னால் அவர் கேட்ட ஒரே கேள்வி, “சொந்தத்துல கட்டுனீங்களா?” என்பதுதான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் பாய்ந்தேன். “அம்புட்டுப் புஸ்தகம் படிச்ச மனுசனுக்கு இது தெரியாமலா போச்சு?”

“தெரியும் செல்வி. எல்லாருக்கும் வாறதில்ல, நமக்கு வராதுன்னு நெனச்சேன். உன்னைய வேற யாருக்கும் குடுக்க மனசில்ல” என்றார். அதற்கு மேல் என்ன திட்டுவது? இவரைத் தவிர யாருக்கும் கழுத்தை நீட்டமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான்.

அப்புறமும் மே மாதங்கள் வந்தன. ஜவ்வாது மலைக்கு இரண்டாம் முறை போனபோது அவளை முதுகில் சுமந்து தொலைநோக்கி வரை படியேறினார். சனிக்கிரகத்தின் வளையத்தைப் பார்த்துவிட்டு, “யப்பா, நெசமாவே இருக்குப்பா!” என்று அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. பதின்மூன்று வயதில் சக்கர நாற்காலி வந்தது. வீட்டில் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. சுவிட்சுகளை இறக்கினோம். கண்ணாடியை இறக்கினோம். அவள் புத்தக அலமாரியை இடுப்புயரத்துக்கு வெட்டினோம். போன வருஷத்திலிருந்து கையும் உயரவில்லை. தட்டை அவள் மடிக்குப் பக்கத்தில், ஒரு குட்டை ஸ்டூல் மேல் வைத்தால்தான் எடுத்துச் சாப்பிட முடிகிறது. அவளுக்கு எட்டுகிற இடம் எது என்று பார்த்துப் பார்த்து வைப்பதே என் வேலையாகிப்போனது. அவளுக்கு இப்போது பதினாறு வயது.

இந்த ஏப்ரலில் ஒருநாள் இவர் ஆபீஸிலிருந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தார். “செல்வி, எலி நடக்குது!” என்றார்.

எந்த எலி என்று அடுப்படியைப் பார்த்தேன். விஷயம் அதுவல்ல. திருமங்கலத்துக்கு அப்பால், நாற்கரச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதாம். அங்கே வாணிக்கு இருக்கிற அதே நோயோடு எலிகளை வளர்க்கிறார்களாம். ஊசி போட்ட எலிகள் எழுந்து நடக்கின்றனவாம். இவர் மெயில் அனுப்பியிருக்கிறார். மே மாதம் பார்வையாளர்களை விடும் நாளில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

“ஊரெல்லாம் சுத்துனோம். வீட்டுலருந்து ஒரு மணி நேரத்துல இருந்திருக்கு பாரு” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். நான் இத்தனை வருஷம் கிண்டல் செய்த பயணங்கள் எல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று நினைத்தேன். நோய் அதே நோய், ஊசி இருக்கிறது, பிள்ளை இருக்கிறாள். இடையில் வேறென்ன இருக்கப்போகிறது? வாணிதான், “யம்மா, அது ஆஸ்பத்திரி இல்ல. ஆராய்ச்சிக்கூடம். சும்மா பாத்துட்டு வாறோம், அம்புட்டுத்தேன்” என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

அன்றைக்கு விடியலில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய் நாலு முழம் மல்லிகையும் ஒரு பை நிறைய ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கினேன். பெரிய மனிதர்களிடம் ஒன்று கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா? எட்டு வயதிலிருந்து எடுத்த எல்லா ரிப்போர்ட்டுகளையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வாணிக்குப் புதுச் சுடிதார் போட்டுவிட்டேன். வாடகைக் காரில் போனோம். கப்பலூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல். இவர் வழி நெடுக எலிகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

வாசலில் காவலாளி என் பழப்பையைப் பிடித்துக்கொண்டார். “உள்ள திங்கிற சாமான், பூ எதுவும் கொண்டுபோகக் கூடாதும்மா.” தலையிலிருந்த பூவையும் எடுத்து அவரிடமே கொடுத்தேன். ரிப்போர்ட் பையை மட்டும் விடவில்லை.

எங்களை அழைத்துப்போக வந்த ஆராய்ச்சியாளர் ரம்யாஸ்ரீ, முப்பது வயதுப் பெண். மதுரைப் பிள்ளைதான், தெற்கு வாசல் பக்கம் சௌராஷ்டிரா குடும்பம். நாற்காலிச் சக்கரங்களை ஸ்பிரிட் போட்டு அவளே குனிந்து துடைத்தாள். எங்கள் மூவருக்கும் தலையில் தொப்பி, காலில் நீல உறை. ஒரு பெரிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களை நிறுத்தி, அந்தப் பக்கம் இருந்த கூண்டு ஒன்றைக் காட்டினாள்.

“இது ஊசி போட்டது. பொறக்கும்போதே நோயோட பொறந்தது. இப்ப பாருங்க.”

எலி கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்நோக்கி ஏறியது. கூண்டின் கூரையில் தலைகீழாகத் தொங்கியபடியே ஊர்ந்து, அங்கே தொங்கிய தீனியைக் கடித்தது. இவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அழுதார். நான் அந்த எலியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வெட்கமாகவே இல்லை.

“மேடம், மனுசங்களுக்கு எப்ப வரும்?” என்று கேட்டார் இவர்.

அந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாதவள். “இன்னும் பெரிய விலங்குகள்ல பாக்கணும் சார். அப்புறம் பாதுகாப்புச் சோதனை, அனுமதி... பத்து வருஷம் ஆகலாம். எலியில சரியா வந்தது மனுஷங்ககிட்ட வராமலும் போகலாம்.”

நான் பையைத் திறந்து ரிப்போர்ட்டுகளை எடுத்து நீட்டினேன். “யாருக்காச்சும் மொதல்ல போட்டுப் பாக்கணும்ல தாயி? எம் மகளுக்குப் போடுங்க. என்ன ஆனாலும் உங்களைய ஒண்ணும் கேக்கமாட்டோம். எழுதித் தாறோம்.”

“முடியாதும்மா. எலிக்குப் போட்ட மருந்த உங்க பொண்ணுக்குப் போட்டா அது குத்தம். அவ உயிருக்கே ஆபத்தாகிடும்” என்றாள். ரிப்போர்ட்டை வாங்காமல் என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. எனக்கு அவள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எலிக்கு இருக்கிற மருந்து என் பிள்ளைக்கு இல்லையா? எலியாகவாவது பெற்றிருக்கலாமே என்று நினைத்தேன். ஒரு தாய் இப்படி நினைக்கலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். நினைத்தேன்.

எலி ஏறுவதை நாங்கள் பார்த்த மாதிரி வாணி பார்க்கவில்லை. பக்கத்துக் கூண்டுகளில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஊசி போடாத எலி எங்க இருக்கு?” என்றாள்.

ரம்யாஸ்ரீ இவரைப் பார்த்தாள்.

“ஒப்பிட்டுப் பாக்க இன்னொண்ணு வச்சிருப்பீங்கள்லக்கா. அதே நோய், அதே வயசு. அது இல்லாட்டி, இது ஊசியாலதான் நல்லாச்சுன்னு எப்பிடிச் சொல்லுவீங்க?”

ஆராய்ச்சிக்காரிக்கு ஆராய்ச்சிக்காரி பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். கீழ்த்தட்டில் இருந்த கூண்டைக் காட்டினாள். வாணி இருந்த உயரத்துக்கு அது நேராகத் தெரிந்தது. நாங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

எலி மரத்தூளில் ஒருபக்கமாகப் படுத்திருந்தது. கண் மட்டும் நன்றாக விழித்திருந்தது. மற்ற கூண்டுகளில் தீனி மேலே தொங்கியது. இதற்கு மட்டும் தீனியைக் கூழாக்கி, ஒரு சின்னத் தட்டில், தரையில், அதன் வாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

“அதுக்கு மேல எட்டாது. அதான் கீழ வைக்கிறோம்” என்றாள் ரம்யாஸ்ரீ மெதுவாக.

இறக்கிய சுவிட்சுகள், இறக்கிய கண்ணாடி, குட்டை ஸ்டூல் எல்லாம் அந்தக் கூண்டுக்குள் இருந்தன. வாணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் அதையேதான் பார்த்திருக்கிறாள்.

“இது எம்புட்டு நாளைக்கு இருக்கும்க்கா?”

“வாணி, போதும் தாயி, போவோம்” என்றார் இவர்.

“இருப்பா. சொல்லுங்கக்கா. நானும் சயின்ஸ்தான் படிக்கிறேன்.”

“அடுத்த மாசம் தாண்டாது” என்றாள் ரம்யாஸ்ரீ. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாணி தலையை ஆட்டினாள். கண்ணாடிக்கு இன்னும் கிட்டே நாற்காலியை நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினேன். “பாவம், இதுக்கு ஒண்ணுமே தெரியாது” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

வெளியே வந்தபோது காவலாளி பழப்பையையும் வாடிப்போன பூவையும் எடுத்துக் கொடுத்தார். “நீங்களே வச்சுக்கங்கண்ணே” என்றேன். கார் திருமங்கலம் தாண்டியது, கப்பலூர் தாண்டியது. இவர் முன்சீட்டில் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரிங்ரோட்டில் திரும்பியும் வாய் திறக்கவில்லை. இருபது வருஷத்தில் இப்படி ஒரு திரும்பும் பயணம் நாங்கள் பார்த்ததில்லை.

வாணிதான் கேட்டாள். “யப்பா, அடுத்த மே மாசம் எங்க?”

அவர் தோள் குலுங்கியது. வண்டி மாட்டுத்தாவணி வளைவைத் தாண்டி, எங்கள் வீடு இருக்கிற கே.கே. நகருக்குள் நுழைந்துவிட்டது. வாணியே சொன்னாள், “அங்கயேதான்ப்பா. ஊசி போட்ட எலி அடுத்த வருசமும் இருக்கும்ல. அதப் பாத்துட்டு வாங்க, நீயும் அம்மாவும்.”

வீட்டுக்குள் வந்ததும் இவர் சட்டைகூட மாற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மதியம் தாண்டிவிட்டது. பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தயிர்ச்சோற்றைக் குழையப் பிசைந்து தட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். குட்டை ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, தட்டை வைக்கக் குனிந்தேன். என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. குழைந்த சோறு, சின்னத் தட்டு, கீழே. வைக்க முடியவில்லை. எடுத்துக்கொண்டு போகவும் முடியவில்லை. அப்படியே குனிந்தபடி நின்றேன்.

வாணி என்னையும் தட்டையும் பார்த்தாள்.

“வைம்மா, பசிக்குது” என்றாள். “எனக்கு எட்டுற எடத்துல வை.”

வைத்தேன்.