எத்தனை ஆடு என்று நடுவர் கேட்டார்

1

மார்ச் 11, செவ்வாய். நேற்று மாலை கதை எழுதும் வகுப்பில் வாசித்த என் கதையில் ஒரு சின்னத் தவறு. 'தம்பி முடிவே இல்லாமல் ஆடுகளை இறக்கி வென்றான்' என்று முடித்திருந்தேன். பின்பெஞ்ச் லிஃப்ட் மெக்கானிக் சீட்டுப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர். "முடிவில்லாமன்னு எல்லாம் ரூல்ல கிடையாதுங்க. ஒரு நம்பர் சொல்லணும்," என்றார். கதை அங்கேயே படுத்துவிட்டது. எழுப்பிப் பார்க்கிறேன். அவரையும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டேன்.

2

தம்பி மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பவன். எண்ணியதை மறுபடி எண்ணாமல் கொடுத்ததே இல்லை. எட்டு மாதம் (முதலில் ஆறு என்று எழுதினேன், அவனுக்கு ஆறு போதாது) உட்கார்ந்து அறுபது சீட்டில், ஒன்றையொன்று கிளப்பிவிடும் சீட்டுகளாகப் பொறுக்கி ஒரு காம்போ கட்டு அமைத்தான். அதன் உயிர் இரண்டே சீட்டில்: இடையன், மணி. இடையன் விழித்தால் ஓர் ஆட்டைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தூங்கிப்போவான். ஆடு வந்தால் மணி அடிக்கும்; மணி அடித்தால் இடையன் விழிப்பான். இரண்டும் மேசையில் சேர்ந்துவிட்டால் ஆடு வந்துகொண்டே இருக்கும். ஓர் ஆடு முட்டினால் எதிராளியின் கையிருப்பில் ஒரு புள்ளி குறையும்; எல்லாம் தீர்ந்தால் ஆள் அவுட்.

எதிராளி, தையல்கடை வைத்திருக்கும் அக்கா. வீட்டில் இருவருக்கும் ஒரே அறை. ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. அலமாரிக் கதவு இடிக்கிற கட்டில் இவனுடையது. இறுதியாட்டத்தில் ஜெயிப்பவருக்கு ஜன்னல்.

3

வெளியே மழை பெய்துகொண்டிருந்த அந்த

(வேண்டாம். சீட்டாடுகிறவர்களுக்கு மழை எதற்கு?)

இடையன் வந்தான். மணியும் வந்தது. ஆடுகளுக்குப் பதிலாக வைக்க, தம்பி பையிலிருந்து சட்டைப் பட்டன்களைக் கொட்டினான்.

"அடப்பாவி, என் பட்டனச் சுட்டு என்னையே முட்ட வைக்கப் போறியா?"

"எத்தனை ஆடு?" என்றார் நடுவர்.

அக்காவிடம் இருபது புள்ளி, கவிழ்த்து வைத்த ஒரு சீட்டு. அது கேடயமானால் ஐம்பது புள்ளி கூடும். எழுபது ஆடாவது வேண்டும். கண்ணாடியானால் வந்த ஆடெல்லாம் திரும்பி இவனையே முட்டும். இவனிடம் இருப்பது நாற்பது புள்ளி. எழுபது சொன்னால் இவன் சாகலாம். முப்பத்தொன்பது சொன்னால் அவள் பிழைக்கலாம். பிழைத்தால் இவனை விடமாட்டாள்.

"கொஞ்சம் யோசிக்கலாமா சார்?"

"மூணு நிமிஷம்."

முதல் நிமிடம் பட்டன்களை எண்ணினான். இரண்டாவது நிமிடம் சரிபார்த்தான்.

"எது வேணும்னே தெரியாத உனக்கு ஜன்னல் எதுக்குடா?" என்றாள் அக்கா. "தொறக்கலாமா மூடலாமான்னு யோசிச்சே விடிஞ்சிடும்."

4

முடிவு அ: எழுபது என்கிறான். அக்கா திருப்புகிறாள். கேடயம். (வகுப்பில் கைதட்டுவார்கள். எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு ஆ: நிஜ ஆடுகள் உள்ளே புகுந்து பட்டன்களைத் தின்றுவிடுகின்றன. (மெக்கானிக் இதற்கும் எத்தனை என்று கேட்பார்.)

முடிவு இ: தம்பி

5

இன்னும் பத்து விநாடி. தம்பி நடுவரைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. நோட்டிலிருந்து தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறான்.

"________ ஆடு, சார்."

நீங்களே நிரப்பிவிடுங்கள். பென்சிலால். அந்தச் சீட்டை நான் இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை.

நாளை: ரப்பர் வாங்க வேண்டும்.