‘வீட்டில்’ என்ற பொத்தான்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பக்கத்து வீட்டுத் தமாரா, சுவரில் அலமாரி மாட்ட ட்ரில் மெஷின் இரவல் கேட்டு வந்தபோது சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, "இதை எழுதித் தொலைக்காதே" என்றாள். மெஷினை இன்னும் திருப்பித் தரவில்லை. அதனால் எழுதுவதில் எனக்குப் பெரிய உறுத்தல் ஒன்றும் இல்லை.

தமாரா என்ற பெயரைத் தாமரை என்று படிக்க உங்கள் கண் ஆசைப்படும். விட்டுவிடுங்கள். அவள் ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே நகரத்துப் பெண். இணையதளங்களை வடிவமைப்பது அவள் தொழில். பூவின் மென்மையெல்லாம் அவளிடம் கிடையாது.

தொடக்கத்தை எழுதி எழுதிப் பார்த்தேன்.

‘அயல்நாட்டில் முதியவர்களைப் பராமரிக்கப் போகும் பெண்களின் கண்ணீர்...’ (அடித்துவிட்டேன். இந்தக் கதையில் யாரும் அழவில்லை.)

‘இணையதளம் என்பது ஒரு வாசல். அதில் நுழைகிறவர்கள்...’ (இதுவும் வேண்டாம். தமாரா படித்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.)

சரி, சுற்றி வளைக்காமல் ஆரம்பிக்கிறேன்.

2

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தைப் புதிதாக்கும் வேலை தமாராவிடம் வந்தது. அதன் வாடிக்கையாளர்கள், இங்கே ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆஸ்திரியாவுக்குப் போய், வயதானவர்களின் வீட்டிலேயே தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே என்று முறை வைத்துப் போய்வருவார்கள்.

பழைய தளத்தின் முகப்பில் ஓர் இளம் டாக்டர் கடற்கரையில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். தலைமுடி காற்றில் பறந்தது. இந்தப் பெண்கள் போவதோ மினிபஸ்ஸில். காலடியில் வெள்ளரி ஊறுகாய் ஜாடி, மடியில் தலையணை, முன்சீட்டில் யாராவது குறட்டை. தமாரா முதல் வேலையாக அந்த டாக்டரைத் தூக்கினாள். நிறுவனத்து மேலாளர் ஓஸ்காருக்கு முகம் வாடிவிட்டது. படத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்தான்.

அடுத்து விபத்துப் பக்கம், இழப்பீடு கேட்க நிரப்ப வேண்டியது. பழைய பக்கம் போலீஸ் விசாரணை போல நீண்டுகொண்டே போகும். தமாரா அதை ஒரே கேள்வியாகச் சுருக்கினாள். விபத்து எங்கே நடந்தது? கீழே மூன்று பொத்தான்கள்: வீட்டில். வேலையிடத்தில். பயணத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் படம். வீட்டுப் பொத்தானில் புகைபோக்கி வைத்த வீடு, அதிலிருந்து புகைகூட வந்தது.

சில பெண்களை அழைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். யாரும் தயங்கவில்லை, பட்டென்று அழுத்தினார்கள். ஓஸ்காருக்குப் படு திருப்தி. தமாராவுக்கும் தன்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

(வாசகரே, கதையின் விபத்து இந்த இடத்திலேயே நடந்துவிட்டது. தமாராவும் கவனிக்கவில்லை, முதல் தடவை கேட்டபோது நானும் கவனிக்கவில்லை.)

3

இலோனாவிடம்தான் நான் தடுமாறினேன். சோதனைக்கு வந்த பெண்களில் ஒருத்தி. தெற்கு எல்லைப்பக்கத்துக்காரி, வீட்டில் ஹங்கேரிய மொழி பேசுகிறவள். என் முதல் வரைவில் அவளை ஒடுங்கிய தோளும் தாழ்ந்த குரலுமாக எழுதியிருந்தேன். உழைத்துக் களைத்த பெண் என்றால் எழுத்தாளர்களின் கை தானாக அப்படித்தான் போகும். தமாரா பார்த்த இலோனா வேறு. மாதிரிப் பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்தாள், தூரமாகப் பிடித்தாள், பிறகு சொன்னாள்:

"எழுத்தை இன்னும் பெருசாப் போடு, பொண்ணே. எங்களுக்கு ஒரே கண்ணாடி. அது எப்பவும் கிழவர் மூக்குலதான் இருக்கும்."

கிழவர் என்றது ஆஸ்திரியாவில் அவள் பார்த்துக்கொள்ளும் அலோயிஸ் என்பவரை. தமாரா சிரித்துவிட்டு எழுத்தைப் பெரிதாக்கினாள். எழுத்தை மட்டும்தான்.

புதிய தளம் திறந்த கொஞ்ச நாளில் அலோயிஸ் குளியலறையில் வழுக்கினார். இலோனா பாய்ந்து பிடித்து, தான் விழுந்தாள். அவருக்குக் கீறல்கூட இல்லை, இவளுக்கு மணிக்கட்டு போய்விட்டது. மாவுக்கட்டோடு ஊர் திரும்பி, இடது கட்டைவிரலால் போனைத் தடவி விபத்துப் பக்கத்தைத் திறந்தாள். எங்கே நடந்தது? பட்டென்று அழுத்தினாள். வீட்டில்.

பதில் உடனே வந்தது: ‘சொந்த வீட்டில் நடக்கும் விபத்துகளுக்கு இந்தக் காப்பீடு பொருந்தாது. நீங்கள் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்.’

அந்த இரண்டாவது வாக்கியமும் தமாரா எழுதியதுதான்.

4

இலோனா நிறுவனத்துக்கே போன் போட்டாள். கையில் மாவுக்கட்டு இருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் பேசினாள். எதிரே அவள் கணவன் டிபோர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். எங்கே விழுந்தீர்கள் என்று போன்காரப் பெண் கேட்டாள்.

"வீட்டுலதான். குளியலறையில."

டிபோரின் கத்தி நின்றது.

இங்கே ஒரு குறிப்பு சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. இணையதளமும் போனும் பேசியது ஸ்லோவாக்கிய மொழி. அதில் ‘வீட்டில்’ என்பதற்கு ஒரே சொல். இவர்கள் சமையலறை பேசுவது ஹங்கேரிய மொழி. அதில் இரண்டு. வீட்டுக்குள் இருந்துகொண்டே சொன்னால் ‘இத்ஹொன்’, இங்கே நம் வீட்டில். வெளியே எங்கேயோ இருந்து சொன்னால் ‘ஒத்ஹொன்’, அங்கே நம் வீட்டில். நம்முடைய இங்கே, அங்கே மாதிரிதான், ஆனால் இரண்டுக்குள்ளும் வீடு இருக்கிறது. (தமிழில் ‘அந்த வீடு’ என்று சொல்லிப் பாருங்கள், இரண்டாம் குடும்பமா என்று வம்பு வந்துவிடும். டிபோரின் காதில் விழுந்தது ஏறக்குறைய அந்த வம்புதான் என்று நினைக்கிறேன்.)

போனை வைத்ததும் அவன் கேட்டான். குரல் உயரவில்லை.

"இத்ஹொனா, ஒத்ஹொனா?"

"என்ன பேச்சு இது? நான் எப்ப இங்க விழுந்தேன்?"

"அதான் கேக்கறேன். இங்கயே உக்காந்துகிட்டு, அங்க இருக்கற அந்த ஆளோட குளியலறைக்கு ஒத்ஹொன்னு பேர் வெச்சிருக்கியா?"

அவள் வாயைத் திறந்தாள். ‘இல்லை’ என்பது வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. அவன் அதையும் பார்த்தான். பிறகு அடுத்த கிழங்கை எடுத்துச் சீவினான்.

எனக்கு டிபோரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. வருஷக்கணக்காக மினிபஸ் வரை பையைச் சுமந்துகொண்டு போய் விட்டுவந்தவன். திரும்பி வருகிறாள் என்ற ஒரே நிச்சயத்தில்தான் அந்தப் பையைத் தூக்கினான்.

5

இலோனா தமாராவைக் கூப்பிட்டாள். "நீ வரைஞ்ச வீட்டுல புகை வருதே, அது எங்க வீட்டுக்குள்ள வந்துடுச்சு, பொண்ணே" என்றாள். வழக்கமான கிண்டல்தான், குரலில்தான் தெம்பில்லை.

தமாரா ஓஸ்காரிடம் ஓடினாள். (அவரை வில்லனாக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.) அவர் கேட்டதும் சங்கடப்பட்டார், மறுபரிசீலனைக்குச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை. பதிவாகும் போன் அழைப்பில் அந்தப் பெண் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: அது என் வீடு இல்லை, நான் வேலை செய்யும் இடம்.

நல்ல செய்தி என்று நினைத்துத் தமாரா அதை இலோனாவிடம் போனில் சொன்னாள். இலோனாவுக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை.

"அது ஒண்ணும் பொய் இல்ல, பொண்ணே. ஆனா டிபோர் முன்னாடி சொன்னா, அவனுக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும். அவன் இல்லாதப்ப சொன்னா, ஒளிச்சுச் சொன்ன மாதிரி ஆயிடும்."

"அப்ப என்னதான் பண்றது, அத்தை?"

"பதிலை விடு. கேள்வியை மாத்து."

தமாரா மூன்று பொத்தான்களையும் எடுத்தாள். வீடும் போனது, புகையும் போனது. அந்த இடத்தில் ஒரு வெறும் கட்டம் வைத்தாள்: எந்த ஊர், எந்தத் தெரு? இலோனா ஆஸ்திரியத் தெருவின் பெயரை எழுதினாள். கோரிக்கை ஏற்கப்பட்டது. இவ்வளவுதானா என்று கதை எழுதுகிறவனுக்கே கொஞ்சம் எரிச்சல் வருகிறது.

6

ஆனால் டிபோரின் கேள்விக்கு எந்தத் தெருப் பெயரும் பதில் ஆகாது. அதனால் முடிவுகளைத் தேடினேன்.

ஒன்று: இலோனா இனிப் போவதில்லை என்று ஊரிலேயே இருந்துவிடுகிறாள். (இலோனாவை இவ்வளவு தூரம் பார்த்த பிறகு நீங்கள் இதை நம்புவீர்களா?)

மற்றொன்று: அலோயிஸ் இறந்துபோகிறார், அதோடு பிரச்சினையும்... (எழுத்தாளர்களுக்குக் கிழவர்களைக் கொல்வது கை வந்த கலை. அவர் நன்றாக இருக்கிறார், கண்ணாடியும் அவரிடம்தான் இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. கட்டுப் பிரித்தாயிற்று. மினிபஸ் வந்தது. டிபோர் எப்போதும் போலப் பையைத் தூக்கிக்கொண்டு போனான், ஏற்றினான், "போய்ச் சேந்ததும் கூப்பிடு" என்றான். ஒவ்வொரு தடவையும் அவள் கூப்பிடுவாள், ஒவ்வொரு தடவையும் கேட்பது ஒன்றேதான்: ஒத்ஹொன் என்ன சமையல்? அங்கே நம் வீட்டில் என்ன சமையல்? இத்தனை வருஷமும் அவன் அதில் சமையலை மட்டும்தான் காதில் வாங்கினான். இந்தத் தடவை அந்த முதல் சொல்லுக்காகக் காத்திருக்கிறான்.

ஏனென்றால் வெறும் ‘ஒத்’ என்றும் சொல்லலாம். வெறும் அங்கே. வித்தியாசம் ஓர் அசைதான். அந்த அசைக்குள்தான் வீடு இருக்கிறது.

அவள் எதைச் சொன்னாள் என்று தமாராவிடம் கேட்டேன். தெரியாது, அதைப் போய்க் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது என்றாள். நானே ஒன்றை எழுதிவிடலாம், என்னைத் தடுக்க யாரும் இல்லை. ஆனால் கை வரவில்லை. எதை எழுதினாலும் ஒருவருக்காகச் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது.

போன் அடிக்கிறது. டிபோர் ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எடுக்கிறான்.

"வந்து சேந்துட்டேன், டிபோர். கிழவர் நல்லா இருக்கார். சரி, [                    ] என்ன சமையல்?"

கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், பொத்தான் எதுவும் வைக்கவில்லை. எழுத வேண்டியது நீங்கள். எழுதுவதற்கு முன்னால், போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த மனிதனை ஒரு தடவை பாருங்கள்.