எந்த வீட்டுப் பிள்ளை

கித்தேரியம்மாளுக்கு மகனின் முகம் மறந்துபோன காலையில் அட்டுவம்பட்டி முழுக்க மூடுபனி. காப்பி டம்ளரோடு உள்ளே வந்த ஆக்னலைப் பார்த்ததும் அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"யாருய்யா நீ? பொம்பள தனியா இருக்கிற வீட்டுக்குள்ள உனக்கென்ன சோலி?"

"நான்தாம்மா, ஆக்னலு."

அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டு செபமாலையை உருட்ட ஆரம்பித்துவிட்டாள். சில மாதங்களாகவே சின்னச் சின்ன மறதிகள் இருந்தன. அடுப்பில் பால் பொங்கி வழியும், பக்கத்துத் தெருவில் வீடு தெரியாமல் நிற்பாள். ஆனால் பெற்ற மகனைப் பார்த்துப் பயந்தது அன்றுதான் முதல் தடவை. அன்று முழுக்க அவன் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. மறுநாளும் அப்படியே கிடந்தாள். துணைக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்த காளியாயி ஒட்டன்சத்திரத்தில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். பெருமாள்மலை ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் ஆக்னல், வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டு, ஆறிப்போன கஞ்சியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

சேலை கட்டுவது அவனுக்குப் புதிதல்ல. அப்பா அடைக்கலராஜ் காலமான பிறகு, அக்கா அனிட்டா திண்டுக்கல்லில் கன்னியர் விடுதியில் தங்கிப் படித்தாள். அம்மா ஒரு பள்ளி விடுதியில் துணி துவைக்கும் வேலைக்கு வெள்ளனே போய்விடுவாள். ஸ்கூல் விட்டு வந்தால் வீட்டில் அவனும் குளிரும்தான். ஒருநாள் கொடியில் கிடந்த அம்மாவின் சேலையை எடுத்துச் சுற்றிக்கொண்டான். அதில் சோப்பு வாசமும் அவள் வாசமும் இருந்தன. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாயிற்று. ஈரப் படியில் அம்மா இரண்டு விரலால் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு இறங்குவது, உறைந்துபோன தேங்காய் எண்ணெயை அடுப்போரம் வைத்து உருக்கி உள்ளங்கையில் தேய்ப்பது, களைத்து உட்காரும்போது ஒரு கையை மடியில் மலர்த்திப் போடுவது, எல்லாவற்றையும் அவன் பார்த்துப் பார்த்துப் படித்திருந்தான். நாற்பது தாண்டியும் அது விடவில்லை. கல்யாணப் பேச்சுகளை ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தான். தன்னைப் போல் இன்னொருத்தர் இந்த மலையில் இருக்கிறாரா என்று கேட்க அவனுக்கு ஆள் இல்லை.

கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மீசையை மழித்தான். அம்மாவின் ஊதாச் சேலையைக் கட்டி, மேலே ஸ்வெட்டரைப் போட்டு, தலையில் ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டான். கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கஞ்சியைச் சூடாக்கிக்கொண்டு உள்ளே போனான்.

கித்தேரியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். செபமாலை உருள்வது நின்றது.

"வாத்தா. எந்த வீட்டுப் பிள்ள நீ?"

"பக்கத்துலதாம்மா" என்றான், குரலைத் தாழ்த்தி.

"குளிருக்கு வெறுங்காலோட வந்திருக்கியே. உக்காரு."

கஞ்சியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு அவன் இடுப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "கொசுவம் என்ன இப்படி அள்ளி வச்ச மாதிரி இருக்கு? இங்க வா." உருவி எடுத்து, மடித்து, விரலால் நீவிச் சொருகிவிட்டாள். மகனை மறந்த மனசுக்கு மடிப்பு மறக்கவில்லை. ஆக்னல் அவளுக்கு வாகாகக் கையை விலக்கிக்கொண்டு நின்றான். அவன் பிறந்ததிலிருந்து அவனுக்கென்று யாரும் சேலை கட்டிவிட்டதில்லை.

அதன்பின் நாட்கள் அப்படியே போயின. குளிப்பாட்டவும் தலை வாரவும் அவள் அந்தப் பெண்ணைத்தான் விட்டாள். விடுதியில் கை வெடித்த கதையையெல்லாம் அவளிடம் சொன்னாள். மகனிடம் இதையெல்லாம் ஒருநாளும் பேசியதில்லை. இடையிடையே வாசலைப் பார்ப்பாள். "எனக்கு ஒரு மகன் இருக்கான் தாயி. எட்டியே பாக்க மாட்டேங்கிறான்."

அதைக் கேட்கும்போதெல்லாம் ஆக்னல் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் திண்டுக்கல்லிலிருந்து அனிட்டா வந்துவிட்டாள். அம்மாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவன் கை சோற்றோடு அப்படியே நின்றது. அனிட்டா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னடா கோலம் இது?"

"அம்மா ஆம்பளைன்னா பயப்படுதுக்கா. இப்படி இருந்தாத்தான் சாப்பிடுது."

"அதுக்காக மட்டும்தானா?"

பொய் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. "இல்லக்கா. முந்தியே உண்டு."

அனிட்டாவின் முகம் கறுத்தது. "ஊர்ல யாராவது பாத்தா நான் எப்படிடா கோயிலுக்குப் போறது?"

கித்தேரியம்மாள் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அவளையும் அடையாளம் தெரியவில்லை. "ஏம்மா, இந்தப் பிள்ளைய எதுக்கு வையுற? எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான்" என்று ஆக்னலின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அனிட்டா மதிய பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவள் மறுபடி மகன் பேச்சை எடுத்தாள். ஆக்னல் முதல்முறையாகக் கேட்டான்.

"உங்க மகன் எப்படிம்மா இருப்பாரு?"

"ஒல்லியா இருப்பான். சின்னதுல, நான் வேலைக்குப் போனதும் என் சேலைய எடுத்துக் கட்டிக்கிருவான்."

சீப்பு நின்றுவிட்டது.

"ஒருநா ஜன்னல் வழியாப் பாத்தேன். சோத்துக்கு ஒல வச்சுட்டு, முந்தானைய இழுத்துச் சொருகிட்டு நிக்கிறான். என்னயவே பாத்த மாதிரி இருந்துச்சு. ஆனா நான் அம்புட்டு அழகா ஒருநாளும் நின்னதில்ல தாயி."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, வீட்டுக்கு வரையில படியிலயே நின்னு நல்லா இருமிட்டுத்தான் வருவேன். அவன் மாத்திக்கிறணும்ல."

அந்த இருமலுக்கு அவன் எத்தனையோ நாள் மிளகுக் கசாயம் வைத்துக் கொடுத்திருந்தான். அவளும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்திருந்தாள்.

"அவன்கிட்ட ஏம்மா கேக்கல?"

"கேட்டா விட்டுருவான். விட்டுட்டு என்ன செய்வான், பாவம். வீட்ல அவனுக்கு வேற யாரு இருக்கா?"

அவன் அவள் முன்னால் வந்து மண்டியிட்டான். "அம்மா, நான்தான் அந்த ஆக்னலு."

கித்தேரியம்மாள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "நீ நல்ல பிள்ள. பொய் மட்டும் சொல்லாத" என்றாள். "அவன் வந்தான்னா சொல்லு, அம்மாவுக்குக் கோவமில்லன்னு."

"சொல்றேம்மா."

அவள் கண்ணயர்ந்த பிறகு இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடம் சொல்வது? போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தவன், கடைசியில் அக்காவையே கூப்பிட்டான். அவள் எடுத்தாள். பின்னால் டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா சாப்பிட்டுச்சா?" என்றாள்.

"சாப்பிட்டுச்சுக்கா."

அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தான். வைக்கவில்லை.

"அடுத்த மாசம் வர்றேன். நான் வர்றேன்னு நீ சேலைய மாத்திக்கிட்டு நிக்காத. அம்மா பயந்துரும்."

"சரிக்கா."

போன் அடங்கியது. மூடுபனி வாசல்வரை வந்து நின்றிருந்தது. அவன் எழுந்து கதவைச் சாத்தினான்.