ஆய்வுக்காகப் பிரிந்த ஆறாம் வகுப்பு

ஊர்த் தெருப் பிள்ளைகளையும் காலனிப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பதற்குள் கலையரசி டீச்சருக்குத் தாவு தீர்ந்துவிட்டது. ஜூனில் ஆரம்பித்தது, தை பிறந்தபோதுதான் கைகூடியது. கெஞ்சினாள், அதட்டினாள், "போர்டு தெரியாதவங்க முன்னாடி வாங்க" என்று சூழ்ச்சிகூடச் செய்தாள். திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் அது சின்னக் காரியமா?

அப்புறம் விழுப்புரத்திலிருந்து டாக்டர் தீனதயாளன் வந்தார். ஊசி போடும் டாக்டர் அல்ல, ஆராய்ச்சி டாக்டர். தலைப்பு, 'வகுப்பறையில் பன்முகத்தன்மையும் சமத்துவக் கற்றலும்'. கழுத்தில் அடையாள அட்டை, வாயில் சமத்துவம்.

வகுப்பைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"என்னம்மா, எல்லாம் கலந்து கிடக்குது?"

"அதுக்குத்தான் சார் இவ்ளோ பாடுபட்டேன்."

"நல்லதுதான். ஆனா ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ரெண்டு குழு வேணுமே. ஒரு மணி நேரம் பிரிச்சி உக்கார வைங்க."

கலையரசி தலைமையாசிரியர் சகாயராஜைப் பார்த்தாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேஜாரு வேணாம்மா. ஜல்தியா முடிச்சி அனுப்பு."

துர்காவும் ரோஜாவும் ஒரே டப்பாவில் மல்லாட்டை உரித்துத் தின்கிற சிநேகிதிகள். துர்கா எழுந்து, "நான் எந்தக் குழு சார்?" என்றாள்.

"வீடு எந்தத் தெரு பாப்பா?"

சொன்னாள். டாக்டர் அன்பாகப் பின்பெஞ்சைக் காட்டினார்.

முதல் கேள்வி: 'உன் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து உட்காருகிறீர்களா?' துர்கா 'இல்லை' என்று எழுதினாள். டாக்டர் மிகுந்த வருத்தத்தோடு அதைக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் மணியடிக்கும் முன்பே ரோஜாவின் அப்பா அப்பாதுரை வகுப்பு வாசலில் நின்றார். பின்னால் ஊர்த் தெருக்காரர்கள் சிலர்.

"இனிமே எம் பொண்ணு தனியாவே குந்தட்டும் டீச்சர். டாக்டரே வந்து பிரிச்சி வெச்சிட்டுப் போயிருக்காரு. அவரை விடவா உங்களுக்குத் தெரியும்?"

கலையரசி தீனதயாளனுக்குப் போன் போட்டாள்.

"சார், நீங்களே இவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அய்யய்யோ, நான் சொன்னா ஆய்வு கெட்டுப்போயிடும்மா. ஏப்ரல்ல அடுத்த சுற்றுக்கு வர்றேன். அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டார். கலையரசி காதிலிருந்து எடுக்கவில்லை.

"சரிங்க சார்... இன்னைக்கேவா சார்?... சேராதவங்க பேரை அனுப்பணுமா?... இங்கதான் நிக்கறாங்க சார், சொல்லிடறேன்."

"என்னாங்க சொல்றாரு?" என்றார் அப்பாதுரை.

"நேத்து பாதிதானாம். மீதி ஆராய்ச்சிக்குக் கலந்துதான் குந்தணுமாம். உங்க இனிஷியல் என்னாங்க?"

"இனிஷியல் எதுக்குங்க? படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "எத்தினி நாளைக்கு?"

"ஆராய்ச்சி முடியற வரைக்கும்."

கூட்டம் கலைந்தது. ஜெயித்த தெம்போடு கலையரசி வகுப்புக்குள் போய், "துர்கா, முன்னாடி வாம்மா" என்றாள்.

துர்கா அசையவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

ரோஜாதான் பையைத் தூக்கிக்கொண்டு பின்பெஞ்சுக்குப் போனாள்.