அத்தான் நீக்கிய மூன்று விநாடி

அந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் தன் பெயர் இருந்த இடத்தில் அக்கா புருஷனின் பெயரைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

எட்டு மாத உழைப்பு அது. கணினி வலைப்பின்னல் கேபிளின் முனையில் உட்கார்ந்து சிக்னல்களை அனுப்பி வாங்கும் சிப்புக்கு, கேபிள் எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தாள். சிப் ஒரு சின்னத் துடிப்பை அனுப்பும். அறுந்த இடத்தில் முட்டி அது திரும்பி வரும். போய்வந்த நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். நாள் முழுக்கத் திரையில் அந்த எதிரொலியையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஆய்வுக்கூடத்தில் அவள் பெயரே ‘எதிரொலி’ ஆகிவிட்டது.

அத்தான்தான் துறைத் தலைவர். நேரே அவர் அறைக்குப் போய்க் கேட்டாள்.

“ஆபீஸ்ல சார்னு கூப்பிடுன்னு எத்தனை தடவை சொல்றது?” என்றார் அவர். “மேலிடத்துல என் பேர் இருந்தாத்தான் எடுபடும். நம்ம குடும்பத்துக்குள்ளதானே? இதுல உன் பேர் என்ன, என் பேர் என்ன?”

“சரி, சிப் காத்திருக்கற அந்த மூணு விநாடிய ஏன் எடுத்தீங்க?”

“டெஸ்ட் இழுத்துக்கிட்டே போகுது. வாங்க வர்றவன் கொட்டாவி விடுவான்.”

அந்த மூன்று விநாடிதான் வேலையின் உயிர். கேபிளின் மறுமுனையில் இன்னொரு இயந்திரம் இருந்தால் அதுவும் விட்டுவிட்டுத் துடிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும். மூன்று விநாடி காதுகொடுத்து, அதன் பேச்சு ஓயும் இடைவெளியைப் பார்த்துத்தான் நம் துடிப்பை அனுப்ப வேண்டும். இல்லையென்றால் அடுத்தவன் குரலைத் தன் எதிரொலி என்று சிப் நம்பிவிடும். இதை மின்னஞ்சலில் இரண்டு முறை எழுதினாள். பதிலாக வந்தது இடமாற்றம்: கிடங்கில் வந்திறங்கும் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை.

பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டி எண்ணினாள். மூன்றாவது முறை எழுதவில்லை. சிப்பை வாங்கப்போகிறவர்கள் வரும் தேதியை மட்டும் விசாரித்து வைத்துக்கொண்டாள்.

அன்று காலை, சிப் பொருத்திய பலகைகளை இணைக்கக் கைபழகிய ஆள் வேறு இல்லாததால், அத்தானே அவளைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் நரைத்த கூந்தலை ஒட்ட வெட்டியிருந்த பெண் பொறியாளர்தான் கேள்வி கேட்கிறவர். அத்தான் வெறும் கேபிளை வைத்து இரண்டு முறை செய்துகாட்டினார். கச்சிதமாக வந்தது. பக்கத்தில் நின்ற கம்பெனி முதலாளியின் முகம் மலர்ந்தது.

“மறுமுனையில எங்க மெஷின மாட்டிப் பாக்கலாமா?” என்றார் அந்தப் பெண்.

“தாராளமா!”

அவள் மாட்டினாள். கேபிள் புதுசு, இருபத்தைந்து மீட்டர், எங்கும் ஒரு கீறல் கிடையாது. நாற்பத்தோராவது மீட்டரில் அறுந்திருப்பதாகச் சிப் சொன்னது.

“கேபிளே அவ்வளவு நீளம் இல்லையே?”

அத்தான் சிரித்து மழுப்பிவிட்டு மறுபடி அழுத்தினார். பதினேழு என்றது. இன்னொரு முறை, அறுபத்துமூன்று. வந்தவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னம்மா ஆச்சு? பாரேன்,” என்றார், குரல் இறங்கி.

இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் கிடங்கில் காத்திருந்தாள். “எனக்கு என்ன தெரியும் அத்தான்? அறிக்கையில உங்க பேர்தானே இருக்கு. நீங்களே சொல்லுங்க, ஏன் இப்படி வருது?”

அறை மொத்தமும் அவரைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமினார். தண்ணீர் குடித்தார். அவள் அவசரப்படவில்லை.

கடைசியில் அந்தப் பெண்தான் அவள் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தெரியும்போல இருக்கே?”

அவள் பழைய நிரலைச் சிப்பில் ஏற்றினாள். பத்து நிமிஷம் ஆனது. இந்த முறை சிப் மூன்று விநாடி காத்திருந்து, கேபிளில் பழுதில்லை என்றது. அந்தப் பெண் கத்தரியை வாங்கி, நடுவில் ஓரிடத்தில் தானே நறுக்கினார். ஒன்பது மீட்டர் என்றது சிப். நாடாவை வைத்து அளந்தார்கள். ஒன்பதேகால். பிறகு அவள் தன் இரண்டு மின்னஞ்சல்களையும் முதலாளியின் முன்னால் திறந்து வைத்தாள்.

மறுவாரம் அத்தானைத் தலைமையிலிருந்து இறக்கினார்கள். அறிக்கை அவள் பெயரில் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா ஃபோன் செய்தாள்.

“மனுஷன் ரெண்டு நாளா சாப்பிடல. பிள்ளைங்க முகத்தப் பாக்க மாட்டேங்கறார். முன்னாடியே தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?”

“ரெண்டு தடவை எழுத்துலயே சொன்னேன்க்கா.”

அக்கா மெதுவாக, “உன் பேர அழிச்சுட்டு அவர் பேரப் போட்டு, அந்த முதல் பக்கத்தையே திரும்ப டைப் பண்ணது நான்தான். அவர்தான் பண்ணச் சொன்னார்...” என்றாள்.

“தெரியும்க்கா. ஒவ்வொரு புள்ளிக்கு அப்புறமும் ரெண்டு இடைவெளி விடறது இந்த உலகத்துல நீ ஒருத்திதான்.”

“தெரிஞ்சுமா இப்படிப் பண்ணே?”

“தெரிஞ்சதாலதான்.”

அக்கா ஃபோனை வைத்துவிட்டாள். இவள் கணினியை மூடினாள். பசித்தது. வெகுநாளைக்குப் பிறகு, அன்று இரண்டு தட்டு சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.