வராத லாரி

எதிரே வருகிறவனின் லைட்டைப் பார்த்துத் திட்டுவதில் சதுரங்கப்பட்டினத்தில் தாண்டவராயனை மிஞ்ச ஆள் கிடையாது. சனி, ஞாயிறு வந்தால் கடற்கரைச் சாலையில் சென்னைக் கார்கள் கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தோடு பறக்கும். இவன் தன் மீன் ஏற்றுகிற பிக்கப் வண்டியின் ஜன்னலில் தலையை நீட்டி, அவர்கள் பரம்பரையையே வம்புக்கு இழுப்பான். அப்படிப்பட்டவன்தான் கடைசியில் தன் வண்டிக்கும் அதே மாதிரி ரெண்டு லைட் வாங்கினான்.

காரணம் இல்லாமல் இல்லை. வண்டியின் சொந்த லைட் மஞ்சள் பூத்து, மண்ணெண்ணெய் விளக்கு அளவுக்கு வந்துவிட்டது. திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஒருநாள் படுத்திருந்த மாட்டின் மேல் வண்டியை ஏற்றிவிட இருந்தான். போனில் தேடியதில் மலிவாக ஒரு ஜோடி எல்.இ.டி. கிடைத்தது. பெட்டியில் போட்டிருந்த படத்தில் ஒரு மலையே வெளுத்துப் போயிருந்தது. நமக்கு மலை வேண்டாம், மாடு தெரிந்தால் போதும் என்று வாங்கிவிட்டான்.

கூலி மிச்சம் என்று மாட்டியதும் அவனேதான். பம்பரில் ஓட்டை போட்டு, கிளாம்பு முடுக்கி, பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, நடுவில் ரிலேயும் ஃபியூஸும் வைத்து, ஸ்டியரிங் பக்கத்தில் தனியாக ஒரு சுவிட்ச் கொடுத்தான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஐஸ் கம்பெனிச் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, வெளிச்சம் தாழ்ந்து விழும்படி லைட்டைக் குனியவைத்து நட்டை இறுக்கினான்.

வண்டி அப்போது காலி. மீனும் ஐஸும் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும், மூக்கோடு வெளிச்சமும் மேலே ஏறும். இத்தனை வருஷம் வண்டி ஓட்டுகிறவனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். லோடு ஏற்றி ஒருமுறை பார்க்கவேண்டும் என்று நினைத்தான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தான். மனுஷன் கெட்டுப்போவதெல்லாம் இந்த ரெண்டாவது நினைப்பில்தான்.

மறுநாள் சாயங்காலம் இறால் பெட்டிகளோடு செங்கல்பட்டுக்குக் கிளம்பினான். கார்த்திகை மாசம், ஆறரைக்கே இருட்டு. சுவிட்சைப் போட்டதும் சாலை பளிச்சென்று விரிந்தது. பனைமரத்தின் உச்சி ஓலைகூடத் தெரிந்தது. ஓலை தெரிகிறதே, ஏன் தெரிகிறது என்று யோசித்திருக்கலாம். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எதிரே ஒரு மொபெட் வந்தது. அது தடுமாறியது, சாலையை விட்டு இறங்கியது, அலுமினியக் கூடை தனியே உருண்டது. பிரேக் அடித்து இறங்கி ஓடினான். கீழே கிடந்தவள் லதா. தினமும் காலையில் அவன் வண்டியில் கூடை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுச் சந்தைக்கு வருகிற மீன்காரி. மிச்ச மீனைச் சாயங்காலம் பக்கத்து ஊர்களில் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். இடது கால் கோணலாக மடங்கியிருந்தது.

"அண்ணாத்த, தூக்கு" என்று கையை நீட்டினாள்.

உதவிக்கு யாராவது வருகிறார்களா என்று அவன் திரும்பினான். தன் வண்டியின் வெளிச்சம் நேராக அவன் முகத்தில் அறைந்தது. ஒன்றும் தெரியவில்லை. கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றபோதுதான் நடந்தது என்னவென்று புரிந்தது. தூரத்தில் ஒரு பஸ் வருகிற சத்தம் கேட்டது. லதாவை அப்படியே விட்டுவிட்டு வண்டிக்கு ஓடி லைட்டை அணைத்தான். அதற்குப் பிறகுதான் திரும்பி வந்து அவளைத் தூக்கினான்.

ஆஸ்பத்திரிக்கு அவள் புருஷன் மணி ஓடிவந்தான்.

"இன்னா ஆச்சி அண்ணாத்த?"

"எதிர்ல ஒரு லாரிக்காரன். லைட்ட கண்ணுல அட்ச்சிட்டு நிக்காம பூட்டான்."

யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. மணி பெண்டாட்டியைப் பார்த்தான். லதா தாண்டவராயனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமா, லாரிதான்" என்றாள்.

அவ்வளவுதான், அவன் ஊருக்கு நல்லவனாகிவிட்டான். லோடைக்கூடப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன புண்ணியவான் என்று டீக்கடையில் பேசினார்கள். லாரிக்காரனுக்குச் சாபம் விட்டார்கள். ஒவ்வொரு சாபமும் சரியான விலாசத்துக்கே வந்து சேர்ந்தது. "உன்னப் பத்திதான் குப்பம் பூரா பேசிகினு கீது" என்று அவன் மனைவி சரோஜா பெருமையோடு மீன் துண்டை அவன் தட்டில் வைத்தாள். அவன் அதை ஓரமாக ஒதுக்கிவைத்தான். லைட்டைக் கழற்றியபோது ஏன் என்று கேட்டாள். வயர் சூடாகிறது என்று அதற்கும் ஒரு பொய் சொன்னான்.

வராத லாரியை லதா ஏன் வந்ததாகச் சொன்னாள்? வலியில் உளறினாளா? இல்லை, அவனைக் காட்டிக்கொடுக்க மனசில்லையா? அவள் பெரிய மனசுக்காரி என்று முடிவு கட்டிக்கொண்டான். அப்படி நினைத்ததும் வெட்கம் இன்னும் அதிகமாயிற்று. மணி கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"லதா, லாரி எதுவும் வரல. அது என் லைட்டு."

"தெரியும் அண்ணாத்த."

"அப்பால ஏன் லாரின்னு சொன்ன?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "கைய நீட்னேன். நீ திரும்பி ஓடிப்போயி லைட்ட அணைச்சிட்டு வந்த. சரி, இந்த ஆளு இத வெளிய வுட மாட்டான்னு தெரிஞ்சிகினேன்."

அவள் பார்த்திருப்பாள் என்று தாண்டவராயன் நினைக்கவே இல்லை.

"மணியாண்ட நானே சொல்லிடறேன்" என்றான்.

"வோணாம்." முதல்முறையாக அவள் குரலில் பயம் தெரிந்தது. "அவரு உன் சட்டையப் புடிப்பாரு. சண்ட வந்துட்டா நான் எப்டி உன் வண்டில ஏறுவேன்? மொபெட்டு அவ்ளோ தூரம் லோடு இழுக்காது. பஸ்ல கூடைய ஏத்த மாட்டேன்றாங்கோ. ஆட்டோக்காரன் நாத்தம்ன்றான். உன் வண்டிய வுட்டா எனுக்கு சந்தை இல்ல."

பெரிய மனசும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஒரு கூடை வைக்கிற இடத்துக்காக அவள் தன் உடைந்த காலின் நியாயத்தை விழுங்கியிருந்தாள். விழுங்க வைத்தவன் எதிரில் நின்றான்.

"நான் யாராண்டயும் சொல்லல அண்ணாத்த. சொல்லவும் மாட்டேன்" என்றாள், அவன் முகத்தையே பார்த்தபடி. "கால் சேந்ததும் வந்துடுவேன். என் எடத்த வேற யாருக்கும் குடுத்துடாத."

"குடுக்க மாட்டேன்."

அவள் முகம் தெளிந்தது. உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டு, "பிரியங்கா, மாமாவுக்கு டீ போடும்மா. சக்கர தூக்கலா போடு" என்றாள்.

திட்டியிருந்தால் திரும்பிப் போயிருப்பான். டீ வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான்.