நேராக்கும் கை

பேருந்து நிலையத்தில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஆளை அவர் வரைந்து முடித்தபோது, தாளில் அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு விழித்திருந்தார். காதுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. சட்டைக் காலர்கூட நிமிர்ந்திருந்தது.

இருபத்திரண்டு வருடம் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படங்களுக்கு டச்சப் செய்த கை. பரு, தழும்பு, கலைந்த முடி எது தென்பட்டாலும் அழித்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். பொது இடங்களில் ஆட்களைப் பார்த்து வரையக் கற்றுத்தரும் வகுப்பில் அவர் சேர்ந்து நான்கு வாரமாகிறது. டீச்சருக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். நோட்டைப் புரட்டிவிட்டு, "சார், இவங்க எல்லாரும் ஒரே குடும்பமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. வேறு வழியில்லாமல் அவரும் சிரித்து வைத்தார்.

மனைவிக்கு முகவாதம் வந்து ஐந்து மாதம். இடது பக்கம் வாய் இறங்கி, கண் மூடாமல் நின்றுவிட்டது. மருந்தில் கொஞ்சம் சரியானது, மீதி அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமலிருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று நினைத்திருந்தார். கேட்கப் பயமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவளுடைய பிசியோதெரபிக்குக் காத்திருந்த கூடத்தில் நோட்டை எடுத்தார். ஊன்றுகோல்காரர் ஒருவர், ஓயாமல் கொட்டாவி விடும் நர்ஸ் ஒருத்தி, அப்புறம் எதிர் வரிசையில் இருந்த மனைவி. கை தானாக ஓடியது. நெற்றி, முடி, தோள் எல்லாம் அப்படியே அவள்தான். நான்கு வாரத்தில் முதல்முறையாக ஒரு படம் சாயலோடு விழுந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் எழுந்து வந்து கேட்டதும், பெருமையாகத்தான் நீட்டினார்.

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"நீதான்."

"இது போன வருஷம் இருந்தவ."

அப்போதுதான் பார்த்தார். வாய் நேராக இருந்தது. இரண்டு கண்களும் ஒரே அளவில் திறந்திருந்தன.

"அது... கைப்பழக்கம்மா."

"கையச் சொல்லாதீங்க. அஞ்சு மாசமா கண்ணு என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் கூசிப்போயிற்று. அவர்கள் கேட்டுவிட்டதற்காக அல்ல, அவள் கேட்டதில் நியாயம் இருந்ததற்காக.

அவள் தன் நாற்காலிக்குப் போனாள். உட்காருமுன் அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, இடது பக்கம் அவருக்கு நேராக வரும்படி உட்கார்ந்தாள்.

"வரைங்க. நம்ம நம்பருக்கு இன்னும் ஒம்போது பேரு இருக்காங்க."

அவர் புதுப் பக்கம் புரட்டினார். உதட்டோரத்துக்கு வந்ததும் பென்சில் பழையபடி மேலே ஏறப் பார்த்தது. எடுத்துவிட்டார். நிமிர்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கீழே இறங்கியிருக்கிறதா?

மின்விசிறிக் காற்று நேராக அவள் முகத்தில் அடித்தது. மூடாத கண்ணில் நீர் கோத்தது. துடைக்கப் போன அவள் கை பாதியில் நின்று, மடிக்கே திரும்பியது. நீர் கன்னத்தில் மெல்ல இறங்கி, சாய்ந்த உதட்டின் முனையில் தேங்கி நின்றது. அவர் அந்த இடத்திலிருந்து வரையத் தொடங்கினார்.